ரெண்டு கைப்பிடி வரமிளகாய்

ஏனுங்க, அந்தப் பையை மட்டும் சித்தெ அலுங்காம நவுத்துங்க. உள்ள மிளகாய் இருக்குது. ஒடையற சாமான் இல்லீங்க, வரமிளகாய்தான். ஆனா மேல எதையாச்சும் வெச்சு அமுத்துனீங்கன்னா காம்பு ஒடிஞ்சு விதை கொட்டிரும். அப்புறம் இந்த ஏர்போர்ட்டுல உக்காந்திருக்கற சனமெல்லாம் தும்மிட்டுக் கெடக்கும். எனக்கு ஒரு கட்டடத்தையே இருமவெச்ச அனுபவம் இருக்குது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

எவ்வளவா? ஆறு கிலோ. வியாபாரமெல்லாம் இல்லீங்க. நான் திருப்பூர்க்காரன், பேரு லோகநாதன், பனியன் கம்பெனி சோலி. இப்ப போர்ச்சுகல்ல ஒரு மில்லு ஊர்ல துணி தரம் பாக்கற வேலை. ஊர் பேரைச் சொன்னா உங்க வாயில நுழையாது, என் வாயில நுழையறதுக்கே ஒரு வருசம் ஆச்சு. இந்த மிளகாய் பூராவும் அங்க எங்க கட்டடத்துல குடியிருக்கறவிய கேட்டது. அத்தனை பேரும் அந்த ஊர்க்காரங்க. கொளம்புல போடறதுக்குன்னு நெனச்சுக்காதீங்க, அவிய நாக்குக்கு மொளகுத்தூளே காரம். இது ஃபுட்பால் மேட்ச்சுக்கு. பாருங்க, உங்க மூஞ்சி போற போக்கை. பிளேன் லேட்டுன்னு போர்டுல போட்டுட்டான், எங்கயும் போகப்போறதில்ல. உக்காருங்க, மொதல்ல இருந்து சொல்றேன்.

எங்களுக்குப் பாப்பா பொறந்தது, நாடு நாடா மோதிக்கற ஃபுட்பால் கப்பு இருக்குதே, போன தடவை அது ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் பண்ணோணும்னு எங்க அத்தை, என்ற சம்சாரத்தோட அம்மா, ஒத்தக் கால்ல நின்னாங்க. பிருந்தாதான் வேண்டாமுன்னுட்டா. என்னை விட்டுட்டுப் போக மாட்டேன்னு சொன்னா. அதுல எனக்குப் பெருமை, ஊர்ல எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். சரி, அத்தையாச்சும் அங்க வரட்டுமுன்னு பாத்தா விசா கெடைக்கல. ஆக, பெத்தவ ஒருத்தி, நான் ஒருத்தன், பச்சைக் கொழந்தை ஒண்ணு. பத்தியச் சோறு ஆக்கறதுல இருந்து தண்ணி வாக்கறது வரைக்கும் எல்லாத்தையும் நானே பாத்துக்கிட்டனுங்க. பிருந்தாவைக் கேட்டா வேற மாதிரி சொல்லுவா. அவ அப்ப அசதியில இருந்தா, அவளுக்கு ஞாபகமிருக்காது.

பாப்பா அழுகும் பாருங்க, அப்படி ஒரு அழுகை. பாலு குடிச்சாலும் அழுகும், குடிக்காட்டியும் அழுகும். டாக்டரம்மா வயித்தை அமுத்திப் பாத்துட்டு ஒண்ணுமில்ல, வளர வளரச் சரியாயிரும்னாங்க. பிருந்தா அவிய அம்மாவோட பொடவையில தூளி கட்டோணும்னா. அந்த வாடகை ஊட்டுல உத்தரத்துல கொக்கி போட விடுவாங்களா? கதவு நெலையில மாட்டித் தொங்கி உடற்பயிற்சி பண்ற கம்பி ஒண்ணு விக்கறான், அதை மாட்டி அதுல தூளியைக் கட்டினேன். ஆட்டினா கொஞ்சம் கிரீச்சு கிரீச்சுன்னும். அதுக்குத்தான் கீழ்வீட்டு அபிலியோ, தொடைப்பக் கட்டையால அவரு ஊட்டு உத்தரத்துல டொக்கு டொக்குன்னு இடிப்பாரு. நாங்க மூணாவது மாடி, அவரு நேர் கீழ ரெண்டாவது மாடி. பஸ் ஓட்டி ரிட்டயரான மனுசன். மாடிப்படியில எதுக்க வந்தா வணக்கஞ் சொல்லுவேன், அவரு மூக்கால ஒரு மூச்சு விட்டுட்டுப் போயிருவாரு.

பிருந்தா பேச்சு கொறஞ்சு போச்சு. ஜன்னலோரம் பாப்பாவைப் போட்டுக்கிட்டு வெளிய பாத்துட்டு உக்காந்திருப்பா. ஒரு நாள் தெளிவாச் சொல்லிட்டா. பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்ததும் டிக்கெட் போடுங்க மாமா, நான் அம்மாகிட்டயே போறேன், ஒரு வருசமோ ரெண்டு வருசமோ அங்கயே இருக்கறேன், இங்க பேசறதுக்கு ஒரு சனம் இல்லைன்னு. நான் இருக்கறேனேன்னேன். அவ திரும்பி ஜன்னலைப் பாத்துக்கிட்டா.

எனக்குப் பயமாப் போச்சுங்க. கல்யாணத்துக்கு முன்னால அந்த ஊர்ல தனியா இருந்திருக்கேன். முட்டையை அவிச்சுத் தின்னுட்டு செவுத்தைப் பாத்துட்டுப் படுத்துக்குவேன். மறுபடி அந்த வாழ்க்கை என்னால ஆகாது. பாப்பா அழுகையை நிறுத்திட்டா பிருந்தா மனசு மாறிரும், அதுக்கு ஒரு வழி பண்ணிப்போடலாமுன்னு நெனச்சேன். இப்படி இருக்கையிலதான் அந்தக் கப்பு ஆரம்பிச்சுது.

எனக்கு ஃபுட்பாலப் பத்தி ஒண்ணுந் தெரியாது. டீவியில ஓடினா நான் துணியைத்தான் பாப்பேன். எந்த நூலு, எவ்வளவு கனம், காலர் எப்படி அடிச்சிருக்கான், அவ்வளவுதான். அந்த ஊர்ல அப்படிச் சொன்னா கோயில்ல செருப்போட நின்ன மாதிரி பாப்பாங்க. மேட்ச்சுன்னா தெருவுல ஒரு நாய் இருக்காது. எல்லாப் பால்கனியிலயும் கொடி.

மொத மேட்ச் அன்னைக்குப் பாப்பா வழக்கம் போல வீல்லுன்னு அழுதுட்டு இருக்குது. கீழ இருந்து தொடைப்பக் கட்டை இடிக்குது. தூளியை வேகமா ஆட்டறேன், கிரீச்சு இன்னும் சாஸ்தியாகுது. திடீர்னு இடி நின்னுபோச்சு. சரி, மனுசனுக்கு எரக்கம் வந்துருச்சுன்னு நெனைக்கறதுக்குள்ள கதவைத் தட்டறாங்க. தொறந்தா அபிலியோ. ஜெர்சி போட்டிருக்காரு, மொகமெல்லாம் செவப்பு. கையை ஆட்டி ஆட்டிக் கத்தறாரு. பிருந்தா பாப்பாவைத் தோள்ல போட்டுட்டு எனக்குப் பின்னால நிக்கறா. அந்நேரம் பாத்து கட்டடமே அதிர்ற மாதிரி ஒரு சத்தம். போர்ச்சுகல்காரன் கோல் போட்டுட்டான்.

மனுசன் அந்தக் கோலைப் பாக்கல. எங்கூட்டு வாசல்ல நின்னு எங்களத் திட்டிட்டு இருந்ததுல அவருக்கு அது தப்பிப்போச்சு. அவரு மூஞ்சியப் பாத்து எனக்கே பாவமா இருந்துச்சு. மேட்ச் நடுவுல எந்திரிக்கற பழக்கமே இல்லாத ஆளாம். ஒருக்கா சமையல்கட்டுக் கொழாய் பிச்சுக்கிட்டு ஊடெல்லாம் தண்ணி ஓடினப்பக்கூட காலைத் தூக்கி சோபாவுல வெச்சுக்கிட்டாராமே ஒழிய எந்திரிக்கலையாம். இதெல்லாம் அப்புறம் அவரு சம்சாரம் சொன்னது. இனி எவன் செத்தாலும் மேட்ச்சுல இருந்து எந்திரிக்கறதில்லைன்னு அன்னைக்கு அந்தப் படியிலயே சத்தியம் பண்ணிட்டுப் போனாரு.

கொஞ்ச நேரத்துல அந்தச் சம்சாரம் வந்துச்சு. லூர்துன்னு பேரு. நம்ம ஊர்ல லூர்துமேரின்னு வைக்கறாங்க பாருங்க, அதேதான். ரெண்டாவது சண்டைக்கு வருதுன்னு நான் வேட்டியை மடிச்சுக் கட்டறேன், அது என்னை ஒதுக்கிட்டு உள்ள வந்து பிருந்தா முன்னால ரெண்டு கையையும் நீட்டுச்சு. பிருந்தாவும் பாப்பாவைக் குடுத்துட்டாளுங்க. முன்னப்பின்ன தெரியாத பொம்பளை கையில பச்சைக் கொழந்தையை. நீ போய்ப் படுன்னு அது சைகை காட்டுது, இவ போய்ப் படுத்துட்டா. படுத்தவொடனே தூங்கிட்டா. பாப்பாவைத் தூக்கிட்டு அது படியெறங்கிப் போகுது, பாப்பா கத்திட்டே போகுது, அங்க ஊட்டுக்குள்ள நொழைஞ்சிருக்கும், அடுத்த கோல்.

முடிஞ்சுதுங்களா? அந்தக் கொழந்தை அழுதா கோல் விழுகும்னு கட்டடம் பூரா பேச்சாப் போச்சு. எங்கூட்டுப் பாப்பா எந்நேரமும் அழுகற பாப்பா, எப்பக் கோல் போட்டாலும் அதுக்கு முன்னால அழுதுட்டுத்தானே இருக்கும்? இதை நான் உடைஞ்ச போர்ச்சுகீஸ்ல எடுத்துச் சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. படிச்சவிய, கார் வெச்சிருக்கறவிய, இப்படி மூடநம்பிக்கையோட இருக்காங்களேன்னு எனக்கு ஒரே வேதனை.

அதுக்கப்புறம் மேட்ச்சுக்கு மேட்ச் லூர்தக்கா வந்து மணியடிக்கும். கொடி கலர்ல ஒரு துண்டை எடுத்துட்டு வரும், அதுல பாப்பாவைச் சுத்திக் கொண்டுபோகும். கீழ அவிய ஊட்டுல மொத நாள் பத்துப் பேரு. அப்புறம் எதுத்த காபிக்கடையில பாக்கறவியகூட பாப்பாவுக்காக இங்க வந்துட்டாங்க. சோபா, தரை, சமையல்கட்டு வாசல் எல்லாம் சனம். நடுவுல பாப்பா. ஒவ்வொருத்தரும் கன்னத்தைத் தொட்டு "லிண்டா, லிண்டா"ங்கறாங்க. லிண்டான்னா அழகின்னு அர்த்தமுங்க. யோசிச்சுப் பாருங்க, நாப்பது சனம் ஒரே நேரத்துல ஒரு பச்சைக் கொழந்தையைப் பாத்து அழகி அழகின்னா அது தாங்குமா?

பிருந்தா பாப்பா கன்னத்துல எப்பவும் மை வெச்சுத்தான் அனுப்புவா. அது என்னன்னு லூர்தக்கா கேட்டுச்சாம். கண்ணு படாம இருக்கறதுக்குன்னு இவ சொல்லியிருக்கா. அட, எங்க ஊர்லயும் கண்ணு உண்டே, எங்கம்மா தண்ணியில எண்ணெய் விட்டுப் பாப்பாங்களேன்னு அது சொல்லுச்சாம். ரெண்டு பேருக்கும் அன்னைக்கே ஒறவு ஒட்டிக்கிச்சு. ஆனா எனக்கு அன்னையிலிருந்துதான் சந்தேகமே. கண்ணுன்னா என்னன்னு தெரியாத சனம் பாத்தாப் பரவால்ல. தெரிஞ்ச சனம் பாக்கறது இன்னும் ஆபத்தில்லீங்களா?

அடுத்த மேட்ச்சுக்குப் போய்ப் பாக்கறேன், அட கெரகமே, அத்தனை பேரு கன்னத்துலயும் கறுப்புப் பொட்டு. ஆம்பளை பொம்பளை எல்லாம். அபிலியோ கன்னத்துலயும் ஒண்ணு, புருவ மையில வெச்சது. பாக்கற கண்ணு நேரா மூஞ்சிக்குப் போகாம பொட்டுல விழுகோணும், அதுக்குத்தான் பொட்டு. எல்லாரும் வெச்சுக்கிட்டா அந்தப் பொட்டுக்கு என்னங்க வேலை இருக்குது? சொன்னேன். கோல் விழுந்துச்சு, யாரும் கேக்கல.

அன்னைக்குத்தான் அபிலியோகிட்ட ஒரு நல்லது சொல்லப்போயி வெனையாப் போச்சு. அவரு போட்டிருந்த ஜெர்சி டூப்ளிகேட்டுங்க. மட்டமான பாலியஸ்டர், நெருக்கமான பின்னலு, காத்து உள்ள போகாது. பாத்தவொடனே தெரிஞ்சுது. ஏமாந்துட்டீங்க, இது ஒரிஜினல் இல்லைன்னு ஓரத் தையலைப் பிரிச்சுக் காட்டினேன். அவரு பொறந்தநாளுக்கு மகன் வாங்கிக் குடுத்ததாம். மனுசன் பிரிஞ்ச ஓரத்தைக் கையால மூடிக்கிட்டாரு. அதுக்கப்புறம் நான் கீழ போறதை விட்டுட்டேன்.

பிருந்தா மட்டும் போவா. மொதல்ல பாப்பாவுக்குப் பால் குடுக்கப் போனா. அப்புறம் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் அங்கதான். இங்கிருந்து தட்டு முறுக்கு போகும், அங்கிருந்து முட்டையும் சக்கரையும் போட்டுச் சுட்ட பலகாரம் வரும். அம்பயரை, ரெப்ரீன்னு சொல்லுவாங்களே, அந்தாளைத் திட்டறதுக்கு நாலு வார்த்தை கத்துக்கிட்டா. அவ சிரிக்கற சத்தம் மேல வரைக்கும் கேக்கும். நான் மேல தனியா உக்காந்து ரசத்தைச் சூடு பண்ணித் தின்னுட்டு இருப்பேன். பாருங்க, ஊருக்குப் போறேன்னு அழுதவ, என்னை இப்படி ஒத்தையில விட்டுட்டு அங்க சிரிச்சுட்டு இருக்கா.

இப்படியே டீம் செயிச்சு செயிச்சு கால் இறுதிக்கு வந்துருச்சு. இங்க பாப்பாவுக்கு அழுகை சாஸ்தியாயிருச்சு. அந்த வாரம் பாப்பாவோட பாஸ்போர்ட்டும் வந்துருச்சு. பிருந்தா அதை அலமாரியில வெச்சா. டிக்கெட் எப்பன்னு கேட்டுருவாளோன்னு நான் அந்த அலமாரியவே பாத்துட்டு இருந்தேன். அத்தைக்குப் போன் போட்டு இப்படி நாப்பது பேரு கண்ணுன்னு சொன்னேன். அதைக் கேட்டு அத்தை தலையில அடிச்சுக்கிட்டாங்க. கல்லுப்பு, கடுகு, வரமிளகாய் எடுத்துச் சுத்திப் போடுங்க மாப்ளை, நெடி வருதான்னு பாருங்கன்னாங்க.

உங்களுக்குத் தெரியுமே, சுத்திப் போட்ட மிளகாயை நெருப்புல போட்டா நெடி வரோணும். வந்து ஊடே இருமுச்சுன்னா கண்ணு இல்லைன்னு அர்த்தம். நெடி வரவே இல்லைன்னா, யாரோ பலமாக் கண்ணு வெச்சுட்டாங்கன்னு அர்த்தம்.

பிருந்தாகிட்ட சொன்னா, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், அவங்க நல்லவங்கன்னுட்டா. சரி, நாமளே பாத்துக்கலாமுன்னு, கால் இறுதி அன்னைக்கு லூர்தக்கா மணியடிச்சப்ப நான் போய்க் கதவைத் தொறந்து, பாப்பாவுக்குக் காய்ச்சல், இன்னைக்கு அனுப்ப முடியாதுன்னு சொல்லிட்டேன். அது நெத்தியச் சுருக்கிட்டு, மருந்து ஏதாச்சும் வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டுச்சு. வேண்டாமுன்னுட்டேன். பிருந்தா உள்ள இருந்து கேட்டுட்டா. என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க, அதைச் சுத்திப் போட எத்தனை மிளகாயும் பத்தாது.

கீழ மேட்ச் நடக்குது. சத்தமே இல்ல. கோலே விழுகல. கூடுதல் நேரம் போட்டும் விழுகல. பெனால்ட்டி வரைக்கும் போயிருச்சு. ரெண்டு வாட்டி யாரோ மேல ஏறி வந்து எங்க கதவுகிட்ட நின்னுட்டு, கொழந்தைக்குக் காய்ச்சல்னு நெனச்சுத் தட்டாமயே எறங்கிப் போனாங்க. காலடிச் சத்தம் கேட்டுச்சு. நான் அசையல. எல்லாரும் டீவியில கண்ணை வெச்சிருக்கற நேரந்தான் நமக்கு நல்ல நேரமுன்னு எந்திரிச்சேன்.

அதிசயமாப் பாப்பா தூளியில தூங்குது. பக்கத்துல பிருந்தா செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கா. உப்பு மிளகாயைக் கையில மூடிக்கிட்டு மூணு சுத்து சுத்தினேன். ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணுன்னு சொல்லுவாங்களே, அங்க நமக்கு ஒறவு ஏதுங்க? அதனால லூர்தக்கா கண்ணு, அபிலியோ கண்ணு, காபிக்கடைக்காரன் கண்ணு, ரெண்டாவது மாடி சோபாவுல உக்காந்திருந்த மொத்தச் சனத்தோட கண்ணுன்னு வரிசையாச் சொன்னேன். பிருந்தா, போதும் எந்திரிங்கன்னா. நான் சமையல்கட்டுக்குப் போயிட்டேன்.

அங்க கரி ஏது, நெருப்பு ஏது? கரண்டு அடுப்புதான். இரும்புத் தோசைக்கல்லைக் காய வெச்சு அதுல போட்டேன். ஊடெல்லாம் பொகை ஆயிரக்கூடாதேன்னு புத்திசாலித்தனமா அடுப்புக்கு மேல இருக்கற பொகை இழுக்கற மிசினைப் போட்டு விட்டேன். புல் ஸ்பீடு. மிளகாய் கறுக்குது, உப்பு வெடிக்குது. நான் மூக்கை நீட்டி மோந்து பாக்கறேன். நெடியே இல்லீங்க. ஒரு தும்மல் இல்ல, ஒரு கமறல் இல்ல.

எனக்கு மயிரெல்லாம் சிலுத்துக்கிச்சு. எவ்வளவு பெரிய கண்ணா இருந்தா இப்படி சுத்தமா நெடியே இல்லாம இருக்கும்? ஒரு கைப்பிடிக்கு அடங்காதுன்னு, இன்னொரு கைப்பிடி எடுத்துப் போட்டேன். அப்பவும் இல்ல. பிருந்தா, வந்து பாரு, நான் அப்பவே சொன்னேன் பாத்தியான்னு கத்திட்டே ரூமுக்கு ஓடறேன், தூளியும் காலி, பிருந்தாவும் இல்ல.

நான் அந்தப் பக்கம் போனதும், அவ பாப்பாவை எடுத்துட்டு நேரா கீழ போயிட்டாளுங்க. மூணாவது மாடியில எம்பட அடுப்பு, ரெண்டாவது மாடியில என்ற கொழந்தை. அந்தப் பொகை இழுக்கற மிசின் இருக்குது பாருங்க, அந்தப் பொகையை எங்க கொண்டுபோய் விடுதுன்னு நான் அதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. கட்டடத்துக்கு நடுவுல எல்லா ஊட்டுக்கும் பொதுவா ஒரு காத்துப்போக்கி ஓடுது. ரெண்டு கைப்பிடி மிளகாய் நெடியும் எங்கூட்டுல ஒரு துளி தங்காம, மேல்வாய் அடைஞ்சு கெடந்ததால மேலயும் போகாம, அது வழியா கீழ எறங்கிப் போயிருக்குது. மொதல்ல அபிலியோ ஊட்டுக்கு.

அந்நேரம் பாத்து மாடிப்படியில தடதடன்னு சத்தம். இருமலு, தும்மலு, கத்தலு. நானும் ஓடினேன். படியெல்லாம் சனம், கன்னத்துல பொட்டு, கண்ணுல தண்ணி, மூக்கைப் பொத்திக்கிட்டு விழுந்தடிச்சு எறங்கறாங்க. உள்ள டீவி தனியாக் கத்திட்டு இருக்குது. கடைசிப் பந்து அடிக்கறதுக்கு ஒருத்தன் நடந்து போயிட்டு இருக்கான், உள்ள அதைப் பாக்கறதுக்கு ஒரு ஆள் இல்ல. என் கண்ணு ஒண்ணையுந் தேடல, பாப்பாவைத்தான் தேடுது.

தெருவுல ஓரமா அபிலியோ நிக்கறாரு. எதுத்த காபிக்கடையில டீவி ஓடுது, அதுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறாரு. அந்த டூப்ளிகேட்டு ஜெர்சியைக் கழட்டி அதைக் கூடாரமாட்டம் பிடிச்சு, அதுக்குள்ள பாப்பாவை நெஞ்சோட அணைச்சிருக்காரு. வெத்து ஒடம்பு, வயித்துல நரைச்ச முடி, இருமறதுல ஆளே குலுங்கறாரு. ஆனா கை மட்டும் அசையல. மொத நெடி வந்ததுமே அவருதான் பாப்பாவை வாங்கிட்டு முந்தி ஓடி வந்தாருன்னு பிருந்தா சொன்னா. மேட்ச்சுல இருந்து எந்திரிக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணுன ஆளு. அந்தத் துணி காத்தை உள்ள விடாதுன்னு சொன்னேன் இல்லீங்களா? நெடியையும் விடல. பாப்பா ஒரு தும்மல்கூடப் போடல, வாயைப் பொளந்துட்டு அந்தாளு மொகத்தைப் பாத்துட்டு இருந்துச்சு.

அந்நேரம் காபிக்கடையில இருந்து ஒரு சத்தம். கடைசிப் பந்து உள்ள போயிருச்சு. தெருவெல்லாம் சனம் குதிக்குது, கட்டிப்பிடிக்குது, இருமுது, மறுபடி கட்டிப்பிடிக்குது. அபிலியோ திரும்பிக்கூடப் பாக்கல. துணியை மெல்ல வெலக்கி, பாப்பா மூச்சு விடுதான்னு மூக்குகிட்ட வெரலை வெச்சுப் பாத்துட்டு இருந்தாரு. எனக்கு அப்படியே நெஞ்சு கரைஞ்சு போச்சுங்க. பெத்த தகப்பன், நானே அந்நேரத்துல அப்படி நின்னிருப்பனான்னு தெரியல.

பிருந்தா என்கிட்ட வந்தா. திட்டப்போறான்னு தலையைக் குனிஞ்சுட்டேன். இருமி இருமிக் கண்ணைத் தொடைச்சுட்டு, அவ சொன்னதைக் கேளுங்க.

"பாத்தீங்களா மாமா, எல்லாருக்கும் நெடி ஏறிருச்சு. இத்தனை பேருல ஒருத்தர் கண்ணுலயும் கெடுதல் இல்லீங்க."

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, இன்னொண்ணுஞ் சொன்னா.

"டிக்கெட் போட வேண்டாம். நான் எங்கயும் போகல."

இதுக்கு என்னங்க அர்த்தம்? நான் அன்னைக்குச் சுத்திப் போட்டதனாலதானே அவ போகாம நின்னா? நான் பாட்டுக்கு சும்மா உக்காந்திருந்தா அந்த வாரமே பொட்டியைக் கட்டியிருப்பா. இதை அவகிட்ட நான் பல தடவை எடுத்துச் சொல்லிட்டேன். சிரிக்கறா, ஒத்துக்க மாட்டேங்கறா. அந்த அழுகையும் அந்த மாசத்தோட நின்னுபோச்சு. டாக்டரம்மா, நாந்தான் அப்பவே சொன்னேனே, வளர வளரச் சரியாயிரும்னுங்கறாங்க. அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?

அந்தக் கட்டடத்துக்காரங்க என்னை அடிக்க வருவாங்கன்னு நெனச்சேன். லூர்தக்கா நடந்ததை எல்லாருக்கும் சொல்லிச்சு, கண்ணு, மிளகாய், நெடி எல்லாத்தையும். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. அந்தப் பொகை வந்த நிமிசத்துலதான் கோல் உள்ள போச்சு, ஆகவே அது பொகையால விழுந்த கோல். என்னைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டுத் தெருவையே சுத்தி வந்தாங்க. அபிலியோ என்னைத் தூக்கல. பாப்பாவைக் குடுக்க மனசில்ல அவருக்கு.

அரை இறுதிக்கு எல்லாரும் ஜன்னலைத் தொறந்து வெச்சு, ஈரத்துணியை மூக்குல கட்டிட்டுத் தயாரா உக்காந்திருந்தாங்க. எங்கூட்டு டப்பாவுல மிளகாய் தீர்ந்துபோச்சு. அந்த ஊர்க் கடையில கெடைக்கற மிளகாயில காரமே இல்ல, வறுத்தா வாசமா இருக்குது. டீம் தோத்துப்போச்சு. ஒருத்தரும் ஆட்டக்காரங்களை ஒரு வார்த்தை சொல்லல. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. அபிலியோ மட்டும் வந்து தோளைத் தட்டி, அடுத்த கப்புக்கு நெறைய வாங்கி வெச்சுக்கோன்னாரு. அவரு என்கிட்ட நல்லபடியாப் பேசின மொத வார்த்தை அதுதான்.

இப்ப அடுத்த கப்பு வருது. எங்க சித்தப்பா மகன் கல்யாணத்துக்குன்னு நான் ஒருத்தன்தான் ஊருக்கு வந்தேன். பிருந்தாவையும் பாப்பாவையும் கூப்பிட்டேன், அப்படியே குலதெய்வங் கோயில்ல பாப்பாவுக்குக் காதையும் குத்திட்டு வந்துரலாமுன்னு. கப்பு நெருங்கற நேரத்துல நான் எப்படிங்க வர்றது, லூர்தக்கா ஊட்டுல சனத்துக்கு எடம் பண்ணோணும், ஏகப்பட்ட சோலி கெடக்குதுன்னுட்டா. காது குத்தறப்ப அபிலியோவும் லூர்தக்காவும் கூட வரோணுமாம், அவிய மடியில வெச்சுத்தான் குத்துவாளாம். மடியில வெச்சுக்க வேண்டிய தாய்மாமன் கோவிச்சுக்க மாட்டானான்னு நான் கேட்டா, அவனுக்கு நான் சொல்லிக்கறேங்கறா. அத்தை ஊர்ல தெனமும் என்னைத்தான் வையறாங்க, எம்புள்ளையை என்ன மாப்ளை பண்ணி வெச்சீங்கன்னு. நான் என்ன பண்றது? ஊருக்குப் போறேன் போறேன்னு அழுதவளை ஊருக்கு வர வைக்கறது இப்ப எனக்கு பெரும்பாடா இருக்குது.

இருங்க, பாப்பா போட்டோ இருக்குது, காட்டறேன். இதாங்க, மூணு நாளைக்கு முன்னால லூர்தக்கா எடுத்து அனுப்புனது. பின்னால நிக்கற நரைத்தலைதான் அபிலியோ. ஆமாங்க, அதே ஜெர்சிதான். ஒரிஜினல் ஒண்ணு எங்க மில்லுல இருந்தே வாங்கிக் குடுத்தேன், தொட மாட்டேங்கறாரு. கன்னத்துல கறுப்பா இருக்கறது மைதான், பிருந்தா மறக்க மாட்டா.

என்ன சொன்னீங்க? அழகா இருக்காளா?

அந்தப் போனை இப்படிக் குடுங்க. இல்லீங்க, கோவிச்சுக்காதீங்க, உங்களைப் பாத்தா நல்லவராத்தான் தெரியுது, நம்ம பக்கத்துக்காரரு வேற. அங்க நாப்பது பேரு தெனமும் அவளைத் தூக்கி வெச்சுக்கிட்டு அழகி அழகிங்கறாங்க, நான் ஒரு வார்த்தை சொல்றதில்ல. அவிய கண்ணையெல்லாம் மிளகாய் போட்டுப் பாத்தாச்சு. உங்களுதை இன்னும் பாக்கலீங்களே.